மாப்பிள்ளை வாசம்

அரிமளம்,
ஜூன் 1957.

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அபுபக்கர் அவர்களுக்குத் தம்பி ஜைனுதீன் எழுதும் ஸலாம். இங்கே மாமா முகம்மது சுல்தான் அவர்களும், மாமியும், என் மனைவி ரம்லத்தும், இரண்டு பசுக்களும், ஒரு கன்றும் இறைவன் அருளால் நலம். என் நலத்தைத் தனியாக எழுதுகிறேன். திருச்சியில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

கல்லூரி அடுத்த வாரம் திறக்கிறது. எனக்கும் ரம்லத்துக்கும் பாலக்கரையில் தாங்கள் பார்த்து வைத்த வீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் மானிலிருந்து தொடங்க வேண்டும்.

நிக்காஹ் முடிந்து விருந்தும் ஓய்ந்த பிறகு, ரம்லத்தை எப்போது அழைத்துப் போகலாம் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சமஸ்தானம் போய்விட்டது. அது மாமாவுக்குக் கொடுத்த வேட்டை லைசென்ஸ் போகவில்லை. நிமிராமலே சொன்னார்.

"ஒரு மான் அடிங்க மாப்ளே. மறுநாளே பஸ் ஏத்தி விடுறேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுப் பொண்ணக் கட்டுனவங்க எல்லாரும் காட்டுல ஒருக்கா நின்னு காமிச்சவங்கதான். அசையாம, பேசாம. பொறுமை இல்லாதவர நம்பி எப்படிப் புள்ளைய அனுப்புறது? இன்னொண்ணு, இது ஆம்பளைங்க பேச்சு. உள்ள போக வேணாம்."

உள்ளே போகவில்லை. ரம்லத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

முதல் முறை. வெளிச்சம் வந்தும் வராத நேரம். காட்டோரக் கண்மாய், நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். மாமாவுக்குத் தடம் பார்த்துச் சொல்லும் பிச்சையும் உடன் வந்தார். மூவரும் புதருக்குள் உட்கார்ந்தோம். மான் வரவில்லை. எங்கோ உள்ளே கூர்மையாக ஒரு குரல் கேட்டது.

"போச்சு. மோந்துருச்சு," என்றார் பிச்சை.

மாமா என் பக்கம் சாய்ந்து தலையை முகர்ந்தார். பிறகு சட்டையை. பிறகு வாயை ஊதச் சொன்னார்.

"வாசனை சோப்பு. தேங்கா எண்ணெய். பூண்டு." கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் ஒவ்வொன்றாக. "இது மனுச வாசம்கூட இல்ல. மாப்பிள்ளை வாசம். இந்நேரம் விராலிமலை மான்கூட எந்திரிச்சு ஓடியிருக்கும்."

அண்ணே, கண்ணாடியில் தெரிகிறவன் ஒருவன். என் வாசம் வேறொருவன். அவன் எனக்கு முன்னால் நடக்கிறான். நான் போகிற இடத்துக்கெல்லாம் முன்பே போய், நான் வருவதைச் சொல்லிவிடுகிறான். வகுப்பில் தர்க்கம் சொல்லித் தருகிற எனக்கு இப்படி ஒருவன் இருப்பது அந்தக் காலையில்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, மாமி விடியலில் எழுந்து எனக்கென்றே ஆக்கிய பிரியாணியைத் தொடாமல் மோர்ச்சோறு கேட்டேன், மாமி அடுப்படிக்குள் போய் அழுதார், போட வேண்டிய சட்டையை மாட்டுக்கொட்டிலில் தொங்கவிடச் சொன்னார் மாமா, மான் மாட்டுக்குப் பயப்படாதாம், பிச்சை வந்து அதெல்லாம் ஆகாது ராவுத்தரே ஆட்டுப்புழுக்கையைத் தேச்சாத்தான் சரிவரும் என்றார், நீ எத்தனை மான்கிட்ட கேட்ட என்று மாமா சண்டைக்குப் போனார், என்னை நடுவில் நிற்கவைத்து மாடா ஆடா என்று இரண்டு பேரும் வாதாடி, கடைசியில் ரெண்டும் இருந்துட்டுப் போவுது என்று சமாதானமானார்கள், அதற்குள் கன்று சட்டையின் வலது கையைத் தின்று முடித்திருந்தது.

அன்று சாயங்காலம் ரம்லத் தன் பாயைச் சுருட்டிக் கதவோரம் கொண்டுபோய்ப் போட்டாள்.

"என்னப் புடிக்கலேன்னா நேராச் சொல்லிருங்க."

"அப்படி இல்ல."

"அம்மா ஆக்குன சோறு எறங்கல. தலைக்கு எண்ணெ வச்சு விட்டா ஓடுறீங்க. பொழுதன்னைக்கும் கொட்டில்ல போயி நிக்கிறீங்க. அந்த மாட்டுக்கிட்ட இருக்கிறது எங்கிட்ட என்ன இல்ல?"

பதில் என்னிடம் இருந்தது. ஆம்பளைங்க பேச்சு. வாயை மூடிக்கொண்டேன். அவள் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒருவர் அத்தர் சீசாவோடு வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையிலும் தடவுவார். என் முறை. மறுநாள் காடு. என் கை தானாகப் பின்னால் போனது.

"வேணாமா?"

"வேணாங்க."

பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூச்சை இழுத்தார். சற்று நகர்ந்தார். தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய வரிசை, அண்ணே. எனக்கு இருபுறமும் இடைவெளி. அதை நிரப்ப யாரும் முன்வரவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை, திருச்சிக் காலேஜில் கடவுள் இல்லை என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டார். மாமி ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்து வைத்தார். குடித்தேன். அதில் வாசம் எதுவும் இல்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

சனிக்கிழமை. கிளம்பும்போது வாசலில் மாமா நின்றார். மடியிலிருந்து ஒரு சின்ன சீசா எடுத்தார்.

"பள்ளியில கைய இழுத்துட்டீங்களாம். ஊரு பேசுது. நீட்டுங்க."

"மாமா, மான்…"

"ஆகாதுன்னது மனுச வாசம். இது மல்லி. ஏன், காட்டுல பூ பூக்காதா?"

மாமனார். பெரியவர். கையை நீட்டினேன். மணிக்கட்டில் தடவினார். காதுக்குப் பின்னால் தடவினார். சட்டையில் கன்று விட்டு வைத்த கையிலும் தடவினார். மாடு, ஆடு, மல்லிகை. பிச்சை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, வழி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதே கண்மாய். காற்று பார்க்கப் பிச்சை சாம்பலைக் கிள்ளி விட்டார். எங்கள் முகத்துக்கு வந்தது. காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து. நல்லது. துப்பாக்கி என் கையில். அறுக்கக் கத்தி மாமாவின் இடுப்பில். காத்திருந்தோம்.

வந்தது.

ஒரே ஒரு ஆண் புள்ளிமான். புள்ளி தெரியும் தூரம். நின்றது. கேட்டது. தண்ணீருக்குக் குனிந்தது.

அது என்னைப் பார்க்கவில்லை. அதைப் பொறுத்தவரை அங்கே நான் இல்லை. பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் நான் இல்லாமல் இருந்தது அதுவே முதல் முறை. என் மூச்சைக்கூட வேறு யாரோ விடுவதாகத் தோன்றியது. துப்பாக்கி முனை அதன் தோளில் நின்றது. விரல் மடங்கினால் ரம்லத் என்னோடு பஸ் ஏறுவாள். மடங்காவிட்டால் இந்த ஊரில் நான் பெண்ணைப் பிடிக்காத மாப்பிள்ளை. பிஸ்மில்லா என்று மனதுக்குள் சொன்னேன்.

காற்று நின்றது.

பிச்சை விட்ட சாம்பல் நேரே கீழே விழுந்தது. அடுத்த சிட்டிகை மெல்ல எங்களைத் தாண்டி, மானை நோக்கிப் போனது.

தலை நிமிர்ந்தது. நாசி விரிந்தது. முன்னங்கால் ஒன்று தரையைத் தட்டியது. ஓடவில்லை, அண்ணே. யோசித்தது. ஒருவேளை பூவோ என்று அதுவும் நினைத்திருக்கலாம். நேரம் இருந்தது. பிச்சையின் உதடு "இப்ப" என்றது. விரல் மடங்கத் தொடங்கியது.

மாமா இருமினார்.

தொண்டையில் தூசி பட்ட இருமல் இல்லை. உள்ளே பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் நுழையும் முன் ஆண்கள் இருமுவார்களே, அது.

கண்மாயில் தண்ணீர் வளையம் மட்டும் இருந்தது.

"வாசம் புடிச்சுருச்சு," என்றார் மாமா.

"ராவுத்தரே, அது வாசமா?" என்றார் பிச்சை.

"நீ சும்மா கெட."

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். வருத்தத்தைத் தேடினேன். நோன்பு திறக்கும் நேரத்தில் பாங்கொலி கேட்ட முகம் அது. திரும்பும் வழியில் என் தோளில் கை போட்டுக்கொண்டார். மணம் முடிந்ததிலிருந்து அவர் என்னை அன்பாகத் தொட்டது அதுவே முதல் முறை.

"ரம்லத்துக்குச் சின்னதுல அடிக்கடி சளி புடிக்கும் மாப்ளே. அங்கிட்டுக் காவேரிக் காத்து ஒத்துக்குமா? அவசரம் இல்ல. அடுத்த மாசம் பாப்போம்."

புரிந்தது. இந்த மனிதர் இருக்கும்வரை எந்த மானும் விழாது. என் உடம்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அவர் மகளை அழைத்துப் போக வந்தவன் என்பதை எடுக்க முடியாது. அவர் மோந்தது அதைத்தான். இதை அவரிடம் சொல்ல முடியாது. அவருக்கே இது தெரியுமா என்பதும் சந்தேகம்.

ஆகவே, அண்ணே, பாலக்கரை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் தனியாக வருகிறேன். கல்லூரி ஹாஸ்டலில் ஓர் அறைக்குச் சொல்லி வையுங்கள். மதினியிடம் காரணம் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், தாங்களும் சிரிப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

தங்களுக்கும் மதினிக்கும் என் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், கேட்டதைக் கொடுக்கும் மாமனார்களையும் அருள்வானாக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஜைனுதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ரம்லத் வந்து யாருக்கு என்று கேட்டாள். அண்ணனுக்கு, வீட்டை விட்டுவிடச் சொல்லி, என்றேன்.

"எந்த வீட்ட?"

சொன்னேன். வீட்டைச் சொன்னதும் மானையும் சொல்ல வேண்டியதாயிற்று. முழுவதும் நின்றபடியே கேட்டாள். பிறகு நேரே கூடத்துக்குப் போனாள்.

"அத்தா, நான் திருச்சிக்குப் போகணும்."

மாமா துப்பாக்கியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போறியாம்மா?"

"போறேன்."

"மாப்பிள்ளதான் கேட்டாரு. நீ வாயத் தெறக்கவே இல்லையே. போக மனசில்லையாக்கும்னு இருந்தேன்."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பஸ். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சாவியைக் கொடுக்க வேண்டாம். ஹாஸ்டலில் சொல்ல வேண்டாம். ஆனால் பாலக்கரை வீடு போதாது, இன்னும் ஓர் அறை உள்ளதாகப் பாருங்கள். புள்ளையைக் குடிவைத்துவிட்டு வர மாமாவும் மாமியும் உடன் வருகிறார்கள். கொஞ்ச நாள்தான் என்கிறார் மாமா. பசுக்களைப் பிச்சையிடம் விட்டாயிற்று. மாமா இப்போது இந்த வீட்டுக்குப் பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். இருக்கிற பூட்டு நாள்பட்டுத் தாங்காதாம்.