ஆறு பத்துக்குத் தியானம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே விழட்டும்.

பஸ் டிரைவர் தன் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு, கண்ணை மூடியபடி, "போடா எருமை! இண்டிகேட்டர் போடத் தெரியாதா?" என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். அவளும் பஸ்காரிதான், வேறொரு ரூட்டில் பகல் டூட்டி கண்டக்டர்.

"யாரைங்க திட்டுறீங்க?"

"என் மனசுல வந்த எண்ணத்தை."

விஷயம் இதுதான். ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தொட்டதால் டாக்டர் அவருக்குப் பத்து நாள் லீவு எழுதியிருந்தார். "தினம் இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்க. நிமிர்ந்து உக்காந்து மூச்சைக் கவனிங்க. எண்ணமெல்லாம் ரோட்டுல வண்டி மாதிரி வரும். ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருங்க, தானாப் போயிடும்."

பத்தாம் நாள் அழுத்தம் குறைந்திருந்தால் மறுபடி அவருடைய காலை ஆறு பத்து பஸ். குறையாவிட்டால் ஓய்வு பெறும்வரை டெப்போவில் சாவி மாட்டும் வேலை.

இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதரிடம், வண்டியைச் சும்மா பார் என்றால் பார்ப்பாரா? மச்சானைப் பற்றிய எண்ணம் ராங் சைடில் வந்தது. பல்வலி எண்ணம் ஹாரனே அடிக்காமல் முந்தியது.

"ஓரமா நிக்கிறதாலதான் உங்களுக்குக் கோபம் வருது. சீட்ல உக்காந்து பாருங்க," என்றாள் மனைவி.

நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது மூச்சில் மச்சான் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தார். எதிரே நின்ற டீப்பாய் சுவரில் மோதி ஒரு காலை இழந்தது.

"சரி, நான் விசில் குடுக்கிறேன். ஒண்ணுன்னா நிக்கணும், ரெண்டுன்னா போகணும். நீங்களா எதையும் மிதிக்காதீங்க."

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவள் இரண்டு விசில் கொடுத்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. பஸ் ஸ்டாப்பை நோக்கி விரைந்துகொண்டிருந்த நான்கு பேர், பழக்க தோஷத்தில் ஓடிவந்து படியேறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"யாருங்க நீங்கல்லாம்?"

"எடுங்க டிரைவர், லேட்டாகுது," என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமலே.

இருபது நிமிடம் கழித்து எழுந்த தையல்காரருக்குத் தலைவலி போயிருந்தது. நிதானமாக நடந்தே கடைக்குப் போனார். மறுநாள் பதினொரு பேர். அதற்கு மறுநாள் கூடம் போதவில்லை. நின்றவர்கள் துணிக்கொடியைப் பிடித்துத் தொங்கியபடி மூச்சைக் கவனித்தார்கள். ஜன்னலோரத்துக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க! சமையக்கட்டு காலியாத்தானே கிடக்கு!"

"ஏம்மா, மார்க்கெட் வந்தா சொல்லு," என்றாள் காய்கறிக்காரி.

"மனசு அமைதியானாத்தான் நிக்கும். நடுவுல ஸ்டாப் கிடையாது!"

டிரைவருக்கோ ஆச்சரியம். ஏன் நிக்குது, எப்பக் கிளம்பும், இப்படியா ஓட்டுறது என்று கேட்காத பயணிகளை அவர் ஆயுளிலேயே இப்போதுதான் பார்த்தார். மச்சான் எண்ணம் வந்தது. கையை நீட்டி வழிவிட்டார். அது நன்றி சொல்லிவிட்டுப் போனது.

பத்தாம் நாள் டாக்டர் நம்பாமல் இரண்டு முறை அளந்தார். நூற்று இருபது.

"எப்படிங்க?"

"கூட்டம் ஜாஸ்தி டாக்டர். அதான் மெதுவா ஓட்டினேன்."

சான்றிதழும் கையுமாக டெப்போவுக்குப் பறந்தார் டிரைவர். "தம்பி, சாவியைக் குடு!"

கிளார்க் சான்றிதழைப் படித்தார். தலையைச் சொறிந்தார்.

"உடம்பு தேறினது சந்தோஷம்ணே. ஆனா உங்க ஆறு பத்தை நேத்தோட நிறுத்திட்டாங்க. ஒரு வாரமா அதுல ஏற ஒரு ஆள்கூட வரலையாம்."