மகாராஜா எதிர் மகாராஜா

மதகுநாட்டில் மழைக்கும் குறைவில்லை, ஆணைகளுக்கும் குறைவில்லை. ஒரு கோடையில் மகாராஜாவுக்குப் படகு விடும் ஆசை வந்தது. ஏரியில் தண்ணீர் தளும்ப வேண்டுமே என்று மதகை அடைத்துவிட்டார்கள். அங்காயியின் நெல் பால் பிடிக்கிற நேரம் அது. பாதி வயல் காய்ந்துபோனது. மீதிப் பாதி மதகின் கசிவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையாவது வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அவள் நீதிமன்றத்துக்கு ஓடினாள்.

நீதிபதி அனுதாபத்தோடு கேட்டார். ஒருத்தி வந்தால் அது சொந்தக் குறை, கேட்க நேரமில்லை. ஊரே வந்தால் அது கலகம், சிறையில் இடமில்லை. எனவே எல்லோர் சார்பிலும் ஒருவர் வழக்காடலாம் என்றார். ஆனால் எல்லோருக்கும் ஒரே குறை இருக்க வேண்டுமாம்.

அதிகாரிகள் வயல் வயலாக இறங்கிப் பார்த்தார்கள். சிலருக்கு முழுதும் காய்ந்திருந்தது, சிலருக்குப் பாதிதான். மக்களிடம் ஒற்றுமை இல்லையே என்று மனம் நொந்து, கசிவையும் சாந்து பூசி அடைத்தார்கள். இன்னும் சில நாள் போனால் அங்காயியின் மிச்ச நெல்லும் பதராகிவிடும்.

பிறகு, மக்கள் சார்பில் வழக்காடப்போவது யார் என்று தேர்தல் வைத்தார்கள். அங்காயி நின்றாள். அவளை எதிர்த்து மகாராஜாவே நின்றார். மதகை அடைத்தவரே நமக்காக வாதாடுவாரா என்று அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பக்கத்து வயல் மாசாணம் பொறுமையாக விளக்கினார்.

"ராசாவ எதுத்துப் பேசணும்னா அதுக்கு ஒரு செல்வாக்கு வேணும், தாயி. ராசாவ விட்டா அது யாருக்கு இருக்கு?"

ஊருக்கு இது நியாயமாகவே பட்டது. போதாக்குறைக்கு, தேர்தலன்று காலையில் மதகும் கொஞ்சம் திறந்தது. ஓட்டுப் போட்டு முடித்ததும் மூடிக்கொண்டது.

விசாரணையில், தேர்தலில் வென்ற மகாராஜா மக்கள் சார்பில் இடப்பக்கம் நின்று தம்மைத் தாமே கடுமையாகச் சாடினார். வலப்பக்கம் போய் நின்று, அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். நடுவில் வந்து சமரசம் செய்துகொண்டார். மதகு மூடியே இருக்கும். படகு விழாவைக் கரையில் நின்று பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு. தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும். இதே குறையோடு இனி யாரும் வரக்கூடாது.

"நான் இதுக்குச் சம்மதிக்கலையே, சாமி. என் நெல்லு போச்சே," என்றாள் அங்காயி.

"சம்மதித்துவிட்டாய், அம்மா," என்றார் நீதிபதி கனிவாக. "உன் சார்பில் மகாராஜா ஆனந்தக் கண்ணீரே வடித்தார். நானே கண்ணால் பார்த்தேன்."

அங்காயி அழுதுவிட்டாள். ஒரே வழக்கில் ஒருவர் இரண்டு முறை அழ இடமில்லை என்று சொல்லி, காவலர் அவளை வெளியே அழைத்துப்போனார்.