பதினொரு படங்களும் ஒரு சிவப்புக் கட்டமும்

தப்பு செய்வதில் எனக்குப் பெரிய திறமை கிடையாது. அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்பதில்தான் கெட்டிக்காரன்.

பீடோங் பொது மண்டபத்தில் தங்கை கோமதியின் கல்யாணம். "படத்துக்கு வெளியாள் எதுக்கு? நான் இருக்கேன்லா!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (கேமரா வாங்கி ஆறே வாரம்.) வீட்டுக்கு வந்து பார்த்தால், தாலி கட்டும் படங்கள் பதினொன்றிலும் மணமக்கள் மங்கலாக இருந்தார்கள்.

"நீதான் தலைய ஆட்டிட்டே" என்றேன், கூசாமல்.

அவள் நம்பிவிட்டாள். "நடுங்கிக்கிட்டுதாண்ணே இருந்தேன். திரும்ப கட்டவா முடியும்?" என்று அழுதாள். பேச்சு கரங்கானில் இருக்கும் மாமியார் வீடுவரை போனதில், 'ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாத பொண்ணு' என்று பெயரும் வாங்கிவிட்டாள்.

எனக்கோ உள்ளுக்குள் உறுத்தல். என் பக்கம்தான் நியாயம் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள, படம் திருத்தும் மென்பொருளில் ஒரு துணைச் செயலியைச் சேர்த்தேன். கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் செய்ததோ, அங்கே அது சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும்.

கட்டம் கோமதி மேல் இல்லை. மாப்பிள்ளை மேலும் இல்லை. பின்சுவரில், மண்டபத்தைப் புதுப்பித்துக் கொடுத்த சட்டமன்ற உறுப்பினரின் பெரிய படத்தில், அவர் முகத்தில் விழுந்திருந்தது. மீசையை முடி முடியாக எண்ணலாம். தாலி ஏறும்போது இருவரும் குனிந்திருந்தார்கள். முகம் தேடிய கேமராவுக்கு நிமிர்ந்த முகம் அது ஒன்றுதான் கிடைத்தது. பதினொன்றிலும் அவரேதான்.

"என்னாண்ணே அது, செவப்பா?" மறுவீட்டுக்கு வந்திருந்த கோமதி, தேநீரோடு பின்னால் நின்றாள்.

மடிக்கணினியை மூடக் கை போனது. அன்று அவள் அழுத முகம் நினைவுக்கு வந்து தடுத்தது. "நீ ஆடவே இல்ல. நான்தான் சரியா பாக்கல."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "இத எங்க அத்தைகிட்ட வந்து சொல்லு" என்றாள்.

போனேன். கரங்கானில் எட்டுப் பேர் முன்னால் பதினொரு படங்களையும் பெரிதாக்கிக் காட்டினேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப எங்க மருமக ஆடல?"

"செல மாதிரி நின்னுச்சு, அத்தே."

அவர் கோமதியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

இன்றும் அந்த வீட்டில் நான் கேமராவைத் தூக்கினால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. மொத்தக் குடும்பமும் திரும்பிப் பின்சுவரைப் பார்க்கும். மாமியார் எழுந்துபோய் முருகன் காலண்டரைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சொல்வார்:

"இப்ப எடு, தம்பி."