நினைப்புக்கு ஓர் எல்லைக்கல்

சித்தூர் எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று சித்தூருக்கே நிச்சயமில்லாத காலம் அது. ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்டது. கர்நூலில் மந்திரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லை எங்கே என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்கு டீக்கடை தமிழும் தெலுங்கும் மல்லுக்கட்டின. கிளாஸ்கள் உடைந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துப் பங்காருபாளையம் ரோட்டோர மாந்தோப்பில் ஒரு மகான் முளைத்தார். பூமிக்கு எல்லை போட முடியாமல் சர்க்காரே முழிக்கிறது. இவர் மனுஷன் தலைக்குள்ளே எல்லை போடுகிறாராம்! எல்லைக்கல் சாமியார் என்று பெயர். அடடா, வந்ததே கூட்டம்! பாகாலாவில் ரயிலை விட்டு இறங்கி வருகிறார்கள். வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். திருப்பதிக்கு மொட்டை போடக் கிளம்பியவர்கள்கூட, "போற வழிதானே" என்று இங்கேயே தலையை நீட்டிவிடுகிறார்கள். சாமியார் பேச்சைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் அவர் பிழைப்புக்குப் பழுதில்லை.

அவர் தீர்த்துவைத்தது குடியை. மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த ஜில்லா இது. சட்டம் மேலே ஓடியது, சாராயம் கீழே ஓடியது. குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்கள் பெண்டாட்டிகள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

"குடி வாயில இல்ல, வயித்துல இல்ல. நினைப்புல இருக்குது. நினைப்ப மாத்து, மனுஷன் மாறுவான்!" என்பார் சாமியார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானே தலையாட்டினேன். அதற்கு மேல் அவர் செய்ததைக் கேளுங்கள். குடிகாரனுக்கு மொட்டை போடுவார். நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை குங்குமத்தால் ஒரு கோடு இழுப்பார். "இடது பக்கம் குடி நினைப்பு, வலது பக்கம் குடும்ப நினைப்பு. இனி ஒன்னு இன்னொன்னு பக்கம் வராது" என்று உச்சியில் ஒரு கூழாங்கல்லை வைத்து அழுத்துவார். அதுதான் எல்லைக்கல். பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் ஒரு டம்ளர் தீர்த்தம். வாய்க்கு ஏலக்காயும் கிராம்பும் பிரசாதம். ஒரு மண்டலம், தினமும் சாயங்காலம் வர வேண்டும்.

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! பெண்டாட்டி நெருப்பு வைத்தாலும் நகராதவன் எல்லாம் வெயில் சாயும் முன்பே குளித்து, பட்டை போட்டு, தோப்பு வாசலில் நின்றான். மழையானாலும் வந்தான், ஜுரமானாலும் வந்தான். அந்தப் பக்தியைப் பார்த்துப் பெண்கள் கண்ணீர் விட்டார்கள். தீர்த்தம் குடித்து வெளியே வருகிறவன் கொஞ்சம் தள்ளாடினால், "நினைப்பு எடம் மாறுதும்மா, ஒடம்பு ஆடத்தான் செய்யும்" என்பார் சாமியார். பாடினால் பரவசம். விழுந்தால் சரணாகதி. எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார் மனுஷன்.

எங்கள் பக்கம் குடிகாரன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய்விட்டு வருகிறவனை வாசற்படியிலேயே நிறுத்தி, பெண்டாட்டி "ஊது" என்பாள். அவன் ஊத வேண்டும். இவள் மோந்து பார்ப்பாள். தேறினால் சோறு, தேறாவிட்டால் மாட்டுக்கொட்டகை. போலீசை ஏமாற்றியவன் உண்டு, இந்த மூக்கை ஏமாற்றியவன் கிடையாது. சாமியார் முதல் வேலையாக அந்த மூக்கைத்தான் கட்டினார்.

"இந்த நினைப்புக் கட்டு முடியற வரைக்கும் புருஷன் வாய மோந்து பாக்கக் கூடாது. நீ சந்தேகப்பட்டா கல்லு நகர்ந்துடும். அவன் மறுபடி குடிச்சா அது உன் குத்தம்!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! நோய் அவனுக்கு, பத்தியம் இவள் மூக்குக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமியார் காசைக் கையால் தொடமாட்டார். காணிக்கையாக மாம்பழமும் வெல்லமும் மட்டும்தான் வாங்கினார். "பணம் தொடாத சாமி, அவர் எதுக்கு ஏமாத்தப் போறாரு?" என்று படித்தவர்களே கேட்டார்கள். அவ்வளவு மாம்பழமும் அவ்வளவு வெல்லமும் எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

செங்கம்மாவும் கேட்கவில்லை. அவள் புருஷன் கோவர்த்தனன் சித்தூர் – திருப்பதி தனியார் பஸ்ஸில் டிரைவர். நல்ல கை. ஆனால் குடித்துவிட்டு ஒருநாள் பஸ்ஸை ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் ஓட்டிப்போய் நிறுத்தி, "திருப்பதி வந்துடுச்சி, எறங்குங்க" என்று சொன்னவன். முதலாளி நாகேந்திரன் அன்றோடு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதலாளி காபிகூடத் தொடாத மனிதர். எல்லைக்கல் சாமியார் "இவன் நினைப்பு கட்டுக்குள் வந்தாச்சு" என்று தன் வாயால் சொன்னால் மறுபடி ஸ்டியரிங் தருகிறேன் என்றார். செங்கம்மா அவனைத் தோப்புக்கு இழுத்துப்போனாள். மூக்கைக் கட்டிக்கொண்டாள். சாமியார் சொன்ன மண்டலம் முடிந்தது.

கட்டு நிறைவு நாள். சாமியாரே நல்ல நேரம் குறித்து, பஸ் தோப்பிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரோட்டில் பஸ் மாலையோடு நிற்கிறது. உள்ளே திருப்பதிக்குப் போகும் சனம், குழந்தை குட்டிகளோடு. முன் சீட்டில் செங்கம்மாவின் பிள்ளைகள் இரண்டும், நைனா ஓட்டப்போகும் பஸ்ஸில் முதல் வரிசையில். பஸ் மேல் வாய் கட்டிய பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திருப்பதி பக்தர்களுக்குத் தீர்த்தமாம். இனி தினமும் கோவர்த்தனன் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பது சாமியார் கட்டளையாம்.

கண்டக்டர் அசரியா செங்கம்மாவை ஓரமாகக் கூப்பிட்டான். சித்தூர் மிஷன் கோயில் தெருக்காரன், வாய்த் துடுக்கு.

"அண்ணி, ஒன்னு சொல்றேன், கோவிச்சிக்காத. நேத்து அண்ணன் தீர்த்தம் வாங்கிக்கினு வந்தப்புறம், மொதலாளி சொல்லி ஷெட்டுல இருந்து வெறும் வண்டிய இங்க கொண்டாந்தோம். ஏரிக்கரை மேல வந்துக்கினு இருந்தப்ப அண்ணன் ஸ்டியரிங்க வுட்டுட்டாரு."

"ஏன்?"

"சூரியன் உழுவறது அழகா கீதாம். ரெண்டு கையாலயும் கும்புட்டாரு. நான் எட்டிப் புடிச்சித் திருப்பினேன். இல்லாங்காட்டி வண்டி தண்ணியில. இன்னிக்கு ஜனம் ரொம்பிக்கினு கீது அண்ணி. ஒரு வாட்டி மோந்து பாரு."

"ஐயோ! மோந்தா கல்லு நவுந்துடும்னு சாமி சொல்லிக்கீறாரே!"

"கல்லு நவுந்தா பரவால்ல. பஸ்ஸு நவுந்துதுன்னா?"

செங்கம்மா முன் சீட்டைப் பார்த்தாள். சின்னவள் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். சந்தேகப்பட்டால் புருஷன் போய்விடுவான். சந்தேகப்படாவிட்டால் பிள்ளைகளே போய்விடுவார்கள். பாவம், எந்தச் சாமியை வேண்டிக்கொள்வது? நல்ல வேளை, அன்றைக்கு அவள் வேண்டிக்கொள்ளவில்லை. யோசித்தாள்.

மேடையில் சாமியார் கோவர்த்தனன் கையில் டம்ளரைக் கொடுக்கப்போனார். செங்கம்மா நேராகப் போய்க் கும்பிட்டு நின்றாள்.

"சாமி! எனக்கும் தீர்த்தம் வோணும்."

"இது குடிகாரங்களுக்கும்மா."

"கெட்ட நினைப்ப மாத்தறதுதானே சாமி தீர்த்தம்? எனக்கும் கெட்ட நினைப்பு வந்துட்சி. சந்தேகம்! அந்தப் பக்கம் இருக்கறது இந்தப் பக்கம் வந்துக்கினே கீது. கட்டிடுங்க சாமி."

கூட்டத்துப் பெண்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். "எனக்குங்கூட சந்தேகம் வந்துச்சி சாமி!" "எம் மாமியாரக் கண்டா எனக்குக் கெட்ட நினைப்பு சாமி!" "நாக்கூட ஈயண்டி சாமி!" என்று தெலுங்குப் பெண்களும் கையை நீட்டினார்கள். எல்லைத் தகராறு அந்த ஒரு டம்ளரில் தீர்ந்துபோனது.

சாமியாருக்கு முகம் வெளுத்தது. "பெண்களுக்கு... ஆகாது... சூடு..." என்று இழுத்தார். அதற்குள் முதலாளி நாகேந்திரன் மேடையேறிவிட்டார். பக்தியில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மொதல்ல எனக்குக் குடுங்க சாமி. நானும் பாவிதான்" என்று டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் இறக்கினார். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார். "ஆஹா, என்னா சக்தி! உள்ள எறங்கறது தெரியுது!" என்று இன்னொரு டம்ளர் கேட்டார்.

அப்புறம் யார் தடுக்க முடியும்? திரை கிழிந்தது. அண்டா வெளியே வந்தது. மாமியாரும் மருமகளும், விரதக்காரியும் பஜனை மடத்து அம்மாளும், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற தாட்சாயணி டீச்சரும் பயபக்தியோடு ஏந்தி வாங்கினார்கள். கோவர்த்தனனின் கை மட்டும் காலியாகவே இருந்தது. மொட்டைத் தலைக் குடிகாரர்கள் எல்லாரும் தங்கள் பங்கு பறிபோவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பஜனை மடத்து அம்மாள் காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கினாள். தாட்சாயணி டீச்சர் ஒரு மாமரத்தைக் கட்டிக்கொண்டு, "நீதாண்டி என் தங்கச்சி" என்று அழுதாள். மாமியாரும் மருமகளும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி திருடிய நெய்க்கு இன்னொருத்தி மன்னிப்புக் கேட்டாள். முதலாளி நாகேந்திரன் மேடை நடுவில் நின்று கையைத் தூக்கினார்.

"ஜனங்களே! நான் ஒரு உண்மைய சொல்லிடறேன். என் பஸ்ஸுல பிரேக்கு சரியில்ல! ரொம்ப நாளா சரியில்ல! திருப்பதி மலை மேல கீற வெங்கடேசன்தான் ஓட்டிக்கினு கீறான்!"

பஸ்ஸுக்குள் இருந்த சனம் அத்தனையும் ஜன்னல் வழியாகவே இறங்கியது.

செங்கம்மாவும் ஒரு டம்ளர் குடித்திருந்தாள். அவளுக்குத் தோப்பு மெதுவாகச் சுற்றியது. காது சூடானது. கவலை எல்லாம் கழன்று ஓடியது, எவ்வளவு சுகமாக இருந்தது! இந்த இடத்துக்குத்தான் இந்த ஆள் தினமும் என்னை விட்டுவிட்டு வருகிறானா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது, அழுகையும் வந்தது. தன் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதினாள். மோந்து பார்த்தாள். ஏலக்காய், கிராம்பு. அதற்குக் கீழே, இத்தனை வருஷம் வாசற்படியில் அவள் மோந்த அதே நாற்றம்.

"சாராயம்டீ!" என்று கத்தினாள். "எல்லாரும் ஊதுங்கடி!"

ஊதினார்கள். மோந்தார்கள். தோப்பே ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொண்டது.

"இது மனப் பிராந்தி! தீர்த்தத்த நிந்திக்காதீங்க!" என்று சாமியார் அலறினார்.

"அப்ப நீ ஒரு டம்ளர் குடி" என்றாள் செங்கம்மா.

"நானா? சேச்சே! நான் அதெல்லாம் தொடறதில்ல!"

கேட்டீர்களா? அந்த ஆசிரமத்திலேயே குடிப்பழக்கம் இல்லாத ஒரே ஆள் சாமியார்தான்!

அசரியா அதற்குள் மடைப்பள்ளிக்குள் புகுந்திருந்தான். அங்கே பானை பானையாக மாம்பழமும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்தன. அடுப்பில் ஒன்று கொதித்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தீர்த்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் மேலிருந்த கேன்களைத் திறந்தார்கள். அத்தனையிலும் அதுவே. பணத்தைத் தொடாத சாமி அதைத் திருப்பதியில் சரக்கு விற்கும் வேறு ஆள் கையால் தொட ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு அவருக்கு நினைப்புக் கட்டிய டிரைவர் ஒருவன் தேவைப்பட்டான்.

சாமியாரைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் தலையில் ஒரு கோடு போடப்பட்டது, அது குங்குமத்தால் அல்ல. பிறகு போலீஸ் வந்து அழைத்துப்போனது.

கோவர்த்தனன் பஸ் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். செங்கம்மா தள்ளாடிக்கொண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உனுக்குத் தெரியாதாய்யா?"

"மொத முழுங்குலயே தெரியும்."

"மொட்டைங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாத சரக்கா?"

"ஏன்யா சொல்லல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ சிரிச்சிக்கினு இருந்த. எனுக்கு வாக்கப்பட்டதுல இருந்து நீ அப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. எனக்குத் தீர்த்தமும் கெடச்சிது, உனக்குச் சிரிப்பும் கெடச்சிது. அதான் வாய மூடிக்கினேன்." பஸ் சாவியை எடுத்து அசரியா கையில் கொடுத்தான். "நான் இந்த வண்டிய ஓட்டக் கூடாதுரா. என்னிக்கு ஓட்டலாம்னு இவ சொல்லட்டும்."

ஒரு மண்டலம் கல்லை வைத்து அழுத்தியும் வராத நினைப்பு அது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்கு பேரும் நடக்கத் தொடங்கினார்கள். அவன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குத் தெளிவாக இருந்தவன் அவன்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம் சனத்தைப் பற்றித் தெரியாதா உங்களுக்கு? ரோட்டை எட்டும் முன்பே பின்னால் தடதடவென்று காலடி. பஜனை மடத்து அம்மாள் தலைமையில் பாதிக் கூட்டம் ஓடிவந்து, தடாலென்று செங்கம்மா காலில் விழுந்தது.

"தாயே! பொய்ச் சாமியக் கண்டுபுடிச்ச மகாசக்தியே! உனக்குள்ள ஆத்தா எறங்கிக்கீறா! எங்க ஊட்டுக்காரங்களுக்கு நீயே ஒரு கட்டுப் போடும்மா!"

ஒருத்தி கற்பூரமே ஏற்றிவிட்டாள். செங்கம்மாவுக்கு ஏறியிருந்ததெல்லாம் சட்டென்று இறங்கியது.

"ஏந்திரிங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கற்பூரம் அணைந்தது. "ஆத்தாவும் எறங்கல, ஒரு மண்ணும் எறங்கல. என் கால்ல நகந்தான் கீது. குனிஞ்சி குனிஞ்சி எவன் கால்லடி இன்னும் தேடுவீங்க? கழுத்துக்கு மேல ஒன்னு வளர்ந்து கெடக்குதே, பூ வெக்கவும் மொட்டையடிக்கவும் மட்டுமாடி அது? ஒரு நாளாவது அத வேலைக்கு அனுப்புங்கடி!"