பதினோரு கிலோவாட்

பங்காளி குமாரசாமி வீட்டுப் போர்டிகோவில் கார் சார்ஜர் பெட்டி மாட்டி மூன்று நாளாகிறது. சாயங்காலமானால் அதன் பச்சை வெளிச்சம் மதிலைத் தாண்டி, ஜன்னல் வழியாக ஜெகதீஸ்வரனின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் தமிழினியைப் பார்க்க அஸ்தம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சேந்தமங்கலத்துக்கு வருகிறார்கள். வந்து இறங்கியதும் எந்த வீட்டைப் பார்ப்பார்கள்?

புதன்கிழமையே சேலம் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். குமாரசாமியுடையது ஏழு கிலோவாட். இது பதினொன்று.

"காரு எங்கங்க?" என்றாள் மனைவி வசந்தாமணி.

"காரு அப்பறம் வரும். மொதல்ல பொட்டி."

எலக்ட்ரீசியன் ஹபீப் வந்து பார்த்தார். பதினொன்றுக்கு மூணு பேஸ் வேண்டும், வீட்டில் இருப்பது ஒற்றை பேஸ், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தாலும் மாற்றித்தர நாளாகும் என்றார். கிணற்று மோட்டாரில் மூணு பேஸ் இருக்கிறதே, அங்கிருந்து இழுத்துவிடு என்றார் ஜெகதீஸ்வரன்.

"வெவசாயத்துக்குக் குடுத்த ஓசிக் கரண்டுங்க அது. அதுல காரு ஓட்டுனா மோட்டாரையும் சேத்துப் புடுங்கிருவாங்க."

ஹபீப் எர்த்தையும் சோதித்தார். குழி காய்ந்து, கம்பி பேருக்கு நின்றது. புதுக் குழி, தனி ஒயர், கசிவு வந்தால் தானே விழுகிற பிரேக்கர், இத்தனையும் இல்லாமல் இணைப்புக் கொடுத்து யார் உயிரையும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜெகதீஸ்வரனே கடப்பாரையை எடுத்தார். மூன்றாவது அடியில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது. வசந்தாமணி குடத்தோடு போய்க் குமாரசாமி வீட்டில் தண்ணீர் பிடித்து வந்தாள். அந்தத் தண்ணீரை அவர் குடிக்கவில்லை.

சனிக்கிழமை பெட்டியைச் சும்மா சுவரில் மாட்டி, உள்ளே பேட்டரியில் எரியும் பச்சை லைட் ஒன்றை ஒட்டினார். குமாரசாமியுடையதைவிடப் பளிச்சென்று எரிந்தது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் வந்து நின்றார்கள். எலக்ட்ரிக் கார். விடியும் முன்பே கொல்லிமலைக் கோயிலுக்கு ஏறி இறங்கிவிட்டு வந்ததில் சார்ஜ் தீரும் நிலையில் இருந்தது.

"நல்லதாப் போச்சுங்க சம்பந்தி," என்றபடி மாப்பிள்ளையின் அப்பா பெட்டியை நோக்கி நடந்தார். "பேசி முடிக்கறதுக்குள்ள பாதி ஏறிரும்."

ஜெகதீஸ்வரன் குறுக்கே போய் நின்றார். வெறும் பெட்டி என்று தெரிந்தால் மகள் சம்பந்தம் இந்த வாசலோடு போய்விடும். காலையிலிருந்து நம்ம வீட்டு லைனில் மட்டும் லோ வோல்டேஜ், பக்கத்தில் நம்ம பங்காளி வீடுதான், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு, நாலு வருஷமாக மிதிக்காத வாசலை மிதித்தார்.

"குமாரசாமி, என்ர மானம் உன்ர கையில இருக்குது. ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கறோம்."

குமாரசாமி வெளுத்துப்போய்த் தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற அவர் மகள் கனிஷ்காதான் மெதுவாகச் சொன்னாள்:

"எங்களுதுலயும் வெறும் லைட்டுத்தானுங்க பெரியப்பா. நீங்க காரு வாங்கப் போறீங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு, அப்பா முந்திக்கிட்டாருங்க."