இடது கடைவாயில் பெரியப்பா

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நானும் இவளும் மட்டுமே நலம். குட்டி கன்னத்தில் வைத்த கையை எடுக்கமாட்டேன் என்கிறாள். அங்கே தாங்களும் அண்ணியும் பல்வலி, தலைவலி ஏதுமின்றிச் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். நம்பரைப் போடுகிறேன், மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம்.

அண்ணா, அன்றைக்கு என் சலூனில் நீங்கள் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது, குட்டி மிட்டாய் ஜாடிக்குள் கைவிடுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஏண்டா, முடி வெட்ட வர்ற பசங்க ஆடாம இருக்க மிட்டாய் வச்சிருக்கே, சரி. உன் பொண்ணு எதுக்குடா நாள் பூரா அதைத் தின்னுக்கிட்டிருக்கா? பல்லு என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான்தான் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டீர்களே என்ற ரோஷத்தில், “பஸ் ஓட்டறவர் ரோட்டைப் பாருங்க, என் புள்ள வாயை நான் பாத்துக்கறேன்” என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டேன். நீங்கள் கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் பாதித் தலையோடு எழுந்து போனீர்கள். நான் கத்தரியும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தேன், மீதியை வெட்டத்தான் அண்ணா, ஆனால் எதிர்க்கடைக்காரர் வேறு மாதிரி நினைத்து ஷட்டரை இறக்கிவிட்டார். அந்தத் தலையோடு எப்படி டூட்டிக்குப் போனீர்களோ, பயணிகள் என்ன சொன்னார்களோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு. என் பிள்ளைக்குப் பல் எப்படி மின்னுகிறது பார் என்று உங்களுக்குக் காட்டியே தீருவது என்று, ஜாடியை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டு, தினம் காலையில் கடை திறக்கும் முன் குட்டியைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துப் பல் தேய்க்கப் பழக்கினேன். முதலில் பிரஷ்ஷைக் கண்டாலே ஓட்டம். பேஸ்ட்டைத் தின்றாள், தண்ணீரைக் கண்ணாடிமேல் துப்பினாள், ஒருநாள் என் விரலையும் கடித்தாள். கடைசியில் ஒரு யுக்தி செய்தேன். “உன் வாய்க்குள்ளதான் நம்ம சொந்தக்காரங்க எல்லாம் குடியிருக்காங்க, காலையில எழுந்தா அவங்க முகத்தைக் கழுவிவிடணும்ல?” என்றேன். முன்பல் அம்மா, பக்கத்தில் பெரியம்மா, கீழே வரிசையாக உங்கள் பிள்ளைகள். கோரைப்பல் இரண்டையும் இவளுடைய தம்பிகளுக்குக் கொடுத்தேன். அதற்கே அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் கூடப்பிறந்தவருக்கு வாயில் இடமில்லை என்று சொல்லமுடியுமா? கண்ணாடியில் பார்த்தபடியே கீழ்க் கடைவாயில் இடது பக்கம் உங்களை வைத்தேன், வலது பக்கம் என்னை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை வருமே! குட்டிக்கு ஒரே குஷி. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்து விசாரித்துத் தேய்த்தாள், நானும் பழகிவிட்டாள் என்று அவள் கையிலேயே விட்டுவிட்டு நாற்காலி துடைக்கப் போய்விடுவேன். அந்த வயசுக் கைக்குக் கடைவாய் எட்டாது, பெரியவர்கள் ஒருமுறை தேய்த்துவிடத்தான் வேண்டும் என்று பல் டாக்டரம்மா இப்போது சொல்கிறார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

போன வாரம் வலி என்று அழுதாள். டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எல்லாம் சுத்தமா இருக்கு, இது ஒண்ணுதான் சொத்தை” என்றார். நான் எதிரே நின்று எட்டிப் பார்த்தேன். இடது பக்கம், கடைவாயில், கருகருவென்று நீங்கள்! “ஐயோ, அண்ணன் போயிட்டாரே!” என்று என்னையறியாமல் அலறிவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, “எப்ப எடுக்கறாங்க?” என்று கேட்டார். “வியாழக்கிழமை” என்றேன். “அவ்வளவு நாளா வச்சிருப்பீங்க?” என்று அவர் கலங்கிவிட்டார். நான் விளக்கிச் சொல்வதற்குள் பாதிப் பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள், மன்னியுங்கள், உங்களுக்கு ஆயுசு நூறு.

பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “அடியில வரப்போற பல்லுக்கு இதுதாங்க இடம் பிடிச்சு வச்சிருக்கு. இப்பவே எடுத்துட்டா பின்னால வர்றதெல்லாம் கோணும். வியாழக்கிழமை வாயைத் திறந்தாள்னா சுரண்டி அடைச்சுடலாம், இல்லேன்னா எடுக்கத்தான் வேணும்” என்றார் டாக்டரம்மா. ஆனால் மிஷின் சத்தம் கேட்டதிலிருந்து குட்டி யாருக்கும் வாயைத் திறப்பதில்லை. “ஏண்டி, பெரியப்பாவை மட்டும் தேய்க்காம விட்டுட்டியா?” என்று கேட்டேன். அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது அண்ணா. அப்பாவே பேசாமல் இருக்கிறார், நாமும் பெரியப்பாவைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று குழந்தை நினைத்திருக்கிறது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். நம்ம வீட்டில் தலைகீழ், முதலில் சொல்லுப் போச்சு, அப்புறம்தான் பல்லுப் போச்சு. எல்லாம் என் வாய்க்கொழுப்பு. உங்ககிட்ட கத்தினதுக்கு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குண்ணா. ஒரு மன்னிப்புக் கேட்க இத்தனை நாள் ஆச்சே, அது இன்னும் வருத்தம். உங்கள் பல்லைக் காப்பாற்ற நீங்களே வந்து சொன்னால்தான் அவள் வாய் திறப்பாள். வியாழக்கிழமை காலையில் டூட்டியை மாற்றிக்கொண்டு ஒரு நடை வாருங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு, இரண்டு வேளையும் பல் தேய்க்கச் சொல்லவும். தாங்கள் நூறாண்டு நல்ல ஈறோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அண்ணா, மேலே எழுதியதெல்லாம் தப்பு. உறையை ஒட்டுவதற்கு முன் சலூனில் உட்கார்ந்து இவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த குட்டி விறுவிறுவென்று நாற்காலியில் ஏறி, கண்ணாடிக்கு முன்னால் தானாகவே ஆவென்று வாயைத் திறந்து, “பெரியப்பா நல்லாத்தானே இருக்காரு!” என்றாள். பின்னால் நின்று பார்த்தேன். கண்ணாடியில் இடது பக்கம் நீங்கள், வெள்ளை வெளேரென்று. நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவன், எதிரில் நின்று வாயைப் பார்த்ததும் இடமும் வலமும் மாறியது உறைக்கவில்லை. சொத்தையானது நான்.

“ஏண்டி என்னைத் தேய்க்கல?” என்று கேட்டேன். “பெரியப்பாகூடதான் யாருமே பேசறதில்லையே, பாவம். அதான் அவரைத் தேச்சுக்கிட்டே பேசிக்கிட்டிருப்பேன். கடைசியா உன்கிட்ட வர்றதுக்குள்ள நீ ‘போதும், துப்பு’ன்னுடுவே” என்றாள். அப்புறம், “அழாதப்பா, டாக்டர் உன்னைச் சரி பண்ணட்டும், நான் வாயைத் திறக்கறேன்” என்றும் சொல்லிவிட்டாள்.

ஆகவே வியாழக்கிழமை நீங்கள் வருவதற்கு இப்போது காரணம் ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமலே வாங்கண்ணா.