பருத்திப்பட்டு வேம்புலி பேஸ் ஒலி கண்ட படலம்

நாற்கம்பிச் செங்கோலோன் வாழ்க! அம்பத்தூர் எஸ்டேட்டிலே லேத்து எந்திரத்தின் முன்னே எண்ணெய்த் திருமேனியனாய்ப் பகலெல்லாம் இரும்பு சீவி, மாலையிலே பருத்திப்பட்டு ஏரிக்காற்று மேனி தழுவ வீடேகி, முகங்கழுவித் தேநீர் பருகிப் பேஸ் கித்தாரைத் தோளிலே ஏந்தும் பெருந்தகை வாழ்க! முன்வரிசையில் நில்லாதவன், மைக்கைத் தீண்டாதவன், மேடையில் புகை எழுந்தால் முதலில் மறைபவன், பரந்தாமன் மெல்லிசைக் குழுவின் எந்தப் புகைப்படத்திலும் அரைத் தோளும் ஒற்றைச் செருப்புமாய் மட்டுமே காட்சி நல்குபவனாகிய வேம்புலி வாழ்க, வாழ்க! அன்னவன் தன் கித்தாரின் மெய்யொலியைத் தேடிப் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கேட்போர் கைப்பேசியைச் சைலன்ட்டில் இடுக.

மண்ணுக்கும் பெண்ணுக்கும் மூண்ட போர்களை உலகறியும். இப்போர் புகைக்கு மூண்டது. பகலில் செம்பரம்பாக்கத்துப் பக்கம் மனை விற்பவனும் மாலையில் மைக்குப் பிடித்துப் பாடுபவனுமாகிய குழுத்தலைவன் பரந்தாமன், நாற்படையுள் யானைப்படை ஒன்றே உடையவன். அதிலும் ஒரே யானை. அதுவும் 'குட்டியானை' என்று ஊரார் அழைக்கும் சிறு வண்டி. அதன் முதுகிலே டிரம்ஸும் கீபோர்டும் சீரியல் செட்டு மூட்டையும் ஏறியபின் எஞ்சும் மூலையில் நெடுங்காலமாய் வீற்றிருந்தது வேம்புலியின் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி. ஆளைக் குந்தவைத்தாற்போன்ற ஆகிருதி. தூக்கியவன் இடுப்பைத் துறப்பான். அம்மூலையின்மீது பரந்தாமனின் கண் விழுந்தது. அவன் புதிதாய் ஒரு புகை எந்திரம் வாங்கியிருந்தான். மன்னன் ஆசைக்கு மூலையேது, முறையேது? புகை ஏறியது, பெட்டி இறங்கியது. இன்றுவரை அது வேம்புலி குடியிருக்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. கீழ்வீட்டு எல்லம்மா அதன்மேல் தண்ணீர்க் கேன் வைத்திருக்கிறாள்.

அன்று தொட்டு வேம்புலியின் நாதம் நேரே ஒரு ஒயர் வழியாய் மைக் செட்டு பாஸ்கரனின் மிக்ஸருக்குள் புகுந்தது. புகுந்தது, கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. பூந்தமல்லியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியிலிருந்து கைகழுவ எழுந்த பெரியவர் ஒருவர் மேடையை நெடுநேரம் உற்று நோக்கி, "டிரம்ஸ் தம்பி அடிக்கிறாரு, அந்தம்மா பொட்டி வாசிக்கிறாங்கோ, அந்தண்ணன் இன்னாத்துக்கு நிக்கிறாரு?" என்று வினவினார். வினா பரந்தாமன் செவியில் விழுந்தது. மறுநாள் ஆவடி ஸ்டேஷன் எதிர் டீக்கடையிலே, ஒரு கையில் கிளாசும் ஒரு கையில் மசால் வடையுமாய், அவன் அரசாணையைப் பிரகடனம் செய்தான்:

"மாமே, வர ஞாயித்துக்கெழம எல்லையம்மன் கோயில் தெருவுல கூழு. உன் மாமனாரு தெரு, சொல்ட்டேன். அன்னிக்கி உன் பேஸு கேக்கணும். கேக்கலன்னு வையி, ஹேமா எடது கையால கீபோர்டுலயே பேஸு வாசிச்சிக்கும். நீ டாம்பரின் ஆட்டிகினு நில்லு."

டாம்பரின்! ஓரமெங்கும் சலங்கை கோத்த வட்டத்தட்டு! பாடத் தெரியாத மைத்துனர்களும், பாடகியைப் பார்க்க வந்த நண்பர்களும், மேடையில் சும்மா நிற்கக் கூச்சப்படுவோரும் ஆட்டுகின்ற ஆயுதம்! அதை மனைவியின் பிறந்த தெருவில், முன்வரிசையில் கூழ்க்கிண்ணத்தோடு அமரப்போகும் மச்சினன் அஜித்குமார் எதிரில், இடையசைத்து ஆட்டுவதா? "மாப்ள கித்தாரு வாசிக்கிறாரு" என்று சொல்லித்தானே பெண் கேட்டார்கள்? வேம்புலியின் நெஞ்சு கொல்லன் உலையாயிற்று. டீ ஆறியது. அவன் அதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வீரன் அழவில்லை; ஆர்டர் போட்டான். வந்ததோ சோப்புப் பெட்டியிற் சற்றே பெரிய இரும்புப் பேழை ஒன்று; காலால் மிதித்து இயக்கும் கருவியாதலின் பெடல் எனப்படுவது. என்னே அதன் மாயம்! ஆளுயரப் பெட்டி, அரையாள் பெட்டி, மரப்பெட்டி, தகரவலைப் பெட்டி எனப் பாரிலுள்ள பெரும் ஸ்பீக்கர் பெட்டிகளின் குரலையெல்லாம் உள்ளே ஒடுக்கி வைத்து, கித்தார் ஒயரைச் செருகினால், இல்லாத பெட்டியின் ஒலியை இருப்பதுபோல் நல்கும் இந்திரசாலம்! யானையைத் தீப்பெட்டியில் அடைத்தாற்போல், படிக்கடியில் கிடக்கும் தன் பழம்பெட்டி உள்ளங்கையில் மறுபிறப்பு எய்தியதென்று வேம்புலி மயிர்க்கூச்செறிந்தான். குட்டியானையில் இடம் கேட்காத பெட்டி! புகை எந்திரத்தோடு பொருதாத பெட்டி!

போர்க்களம் வீடே ஆயிற்று. காலியான பிளக் பாயிண்ட் குளியலறை வாசலில் ஒன்றே இருந்தமையால், வாஷிங் மெஷினின் தலைமேல் பேழை எழுந்தருளியது. அதன் வாயிலிருந்து ஒயர் புறப்பட்டு, அடுக்களைச் சுவரோரம் குந்தியிருந்த ஹோம் தியேட்டர் வூஃபரைச் சேர்ந்தது. மின்சாரம் ஊட்டியதும், யாரும் தொடாமலே பேழையின் நெற்றியில் சிவந்த விளக்கொன்று தானே கண் விழித்தது. சகுனம் நன்றென்று கொண்டான் வீரன்.

அந்தோ, அதன்மேல் குமிழ்கள்! ஒன்று பெட்டியைத் தேர்வது. ஒன்று பெட்டிக்கும் மைக்குக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கற்பிப்பது. பேஸ் என்றும் மிட் என்றும் டிரெபிள் என்றும் மூன்று, மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாத பங்காளிகள். எல்லாவற்றுக்கும் மேலே லெவல் என்றொரு நாட்டாமை. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெட்டது. டிரெபிளை ஏற்றினால் கம்பியில் விரல் உரசும் ஓசை தகரத்தில் நகம் கீறினாற்போல் எழுந்தது. மிட்டை ஏற்றினால் நாதம் மூக்கடைத்த முனிவனாயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்த மாலையெல்லாம் வேம்புலி ஒரு கையால் கம்பி மீட்டி மறுகையால் குமிழ் திருகி, முன்னேறியும் பின்வாங்கியும், பிடித்த கோட்டையை மறந்து இழந்த கோட்டையை மீண்டும் பிடித்தும், ஒரே ராகத்தின் முதல் நான்கு சுரத்தை விடாது வாசித்தும் பொருதான். அவன் மனைவி பானுப்பிரியா துவைக்க மிஷின் வேண்டிக் கையில் அழுக்குத்துணியுடன் நின்ற கோலம், தூது விட்டுப் பதில் கிட்டாத அரசியின் கோலம்.

இறுதியில் ஆளுயரப் பெட்டியைத் தேர்ந்து, பேஸ் குமிழை வலக்கோடி மட்டும் முறுக்கி, அடிக்கம்பியைத் தட்டினான். தட்டலும், அடுக்களை ஸ்டாண்டில் அணிவகுத்திருந்த எவர்சில்வர் டம்ளர்ச் சேனை கிடுகிடுத்தது! குக்கரின் வெயிட்டு ஆனந்தக் கூத்தாடியது! தட்டுகள் ஒன்றோடொன்று கேடயமென மோதின! சுவரில் கடிகாரத்தின் பின்னே நெடுநாள் குடியிருந்த பல்லி பிடிதளர்ந்து பொத்தென்று வீழ்ந்தது!

"யோவ்! பல்லி வுழுதுய்யா! கொழம்பு தொறந்து கீது!" என்று பானுப்பிரியா போர்முரசு அறைந்தாள்.

கீழிருந்து எல்லம்மாவின் குரல் படியேறி வந்தது: "ஏம்மா பானு, கெரைண்டரு எதுனா கழண்டுச்சா? எங்கூட்டு ஃபேனு ஆடுது!"

வேம்புலி பல்லியைப் பார்த்தான். அதன் வீழ்ச்சியில் தன் எழுச்சியைக் கண்டான். சுவரைவிட்டுப் பல்லியைப் பெயர்த்த ஒலி, மாமனார் தெருவைப் பெயர்க்காதா? இதுவே ஒலி, இதுவே முடிவு என்று தெளிந்தவன், குமிழ்கள் நின்ற நிலையை என்றும் மறவாதிருக்கப் பானுப்பிரியாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கவர்ந்து, ஒவ்வொரு குமிழின் முனைக்கு நேரேயும் ஒரு பொட்டு ஒட்டினான். செம்பொட்டணிந்த பேழை சிற்றம்மனென விளங்கியது. "அது கல்யாணத்துக்கு வெக்கிற பொட்டுய்யா, கல்லு வெச்சது," என்றாள் அவள். வெற்றி கண்டவன் காதில் அது ஏறவில்லை.

ஞாயிறு புலர்ந்து மாலையும் ஆயிற்று. எல்லையம்மன் கோயில் தெருவில் கூழ் ஊற்றி முடிந்து, வேப்பிலைத் தோரணம் வாடி, மின்விளக்கில் செய்த அம்மன் மேடையின் உச்சியில் கண் சிமிட்டினாள். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அஜித்குமார், எதிர்பார்த்தபடியே, கிண்ணமும் கருவாடுமாய் வீற்றிருந்தான். மேடையின் மூலையில் ஒரு சாக்கு. சாக்கின் வாயில் டாம்பரினின் சலங்கை ஒன்று பல்லைக் காட்டியது. வேம்புலி அதைப் பாராதவன்போல் பார்த்து, ரெக்சின் பையைத் திறந்தான்.

ஐயகோ! ஆடி வெயிலில் குட்டியானையின் முதுகில் வெந்த பையினுள்ளே பொட்டுகளின் பசை இளகிவிட்டது! ஒரு பொட்டு கைக்குட்டையில், ஒன்று அடாப்டரில், ஒன்று எங்ஙனம் வந்ததோ, அவன் முழங்கையிலேயே மின்னியது. பேழையோ அமங்கலமாய் வெறும் நெற்றியோடு கிடந்தது. வண்டியின் குலுக்கலில் குமிழ்கள் திசைக்கொன்றாய்த் திரும்பி நின்றன. மாலைதோறும் செய்த தவம், வரைபடம் அழிந்த கோட்டையாயிற்று. ஆளுயரப் பெட்டி எத்தனையாவது சொடுக்கு? மைக் அருகா, தொலைவா? மிட் மூக்கடைத்தது எங்கே? ஒன்றும் நினைவில்லை; பல்லி விழுந்தது ஒன்றே நினைவிருந்தது.

"அலோ, அலோ, மைக் டெஸ்டிங்," என்று பரந்தாமன் முழங்கினான். பின் திரும்பி, மைக்கை மறைத்து, வேம்புலியிடம் விழியால் டாம்பரினைச் சுட்டினான்.

இனி எண்ண நேரமில்லை. ஒயரைச் செருகினான், அடாப்டரைச் செருகினான், நெற்றி விளக்கு முன்போல் தானே கண் விழித்தது; அம்மனை நினைந்து பேஸ் குமிழை வலக்கோடிக்கு முறுக்கி, ஏனையவற்றைக் கண்மூடித் திருகினான். அக்கணமே புகை எந்திரம் சீறியது. வெண்புகை மேடையை நிறைத்து, முழங்காலுக்குக் கீழே யாவும் மறைந்தன. அப்புகையின் நடுவே வேம்புலி தோளில் கித்தாரை ஏந்தி, தலைநிமிர்ந்து, பகைவன் மகுடத்தின்மேல் வைப்பான்போல் புதிய ஷூ அணிந்த வலப்பாதத்தைத் தூக்கினான். வாஷிங் மெஷின்மேல் இருந்த காலமெல்லாம் விரலையன்றி வேறொன்றும் அறியாத பேழை, மிதிப்பதற்கென்றே படைக்கப்பட்ட தன் நடுப்பொத்தானில் அன்றுதான் முதன்முதலாக ஒரு பாதத்தைத் தாங்கியது. 'டக்' என்றது. வீரன் பொருதற்கு ஆயத்தமானான்.

அசோக் டிரம்ஸில் நான்கு தட்டுத் தட்டினான், பாட்டு எழுந்தது. எழுந்த பாட்டின் அடியிலே, ஆ, அது யாது? இடியன்று, அதிர்வன்று, கடைசி வரிசை மூதாட்டியின் வெற்றிலைப்பெட்டிகூட ஆடவில்லை. ஆயினும் ஒவ்வொரு சுரமும், நிதானமாய்ப் பேசும் மனிதன் சொல்போல், பிசிறின்றி, பாட்டுக்கும் தாளத்துக்கும் நடுவே நடந்து வந்தது. அஜித்குமாரின் கருவாடு வாய்க்கு வரும் வழியில் நின்றது. அவன் கால் தானே தரையைத் தட்டியது. "மாமாவா வாசிக்குது?" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்டான். ஜெனரேட்டர் அருகே மிக்ஸரின்முன் அமர்ந்த பாஸ்கரன், வாழ்நாளில் முதன்முறையாய் வேம்புலியின் லைனைத் தாழ்த்தாது மிக்ஸரில் ஒரு விரலளவு ஏற்றிவிட்டு, "இன்னிக்கித்தான் அண்ணாத்தே உன் லைனு கிளீனா கீது!" என்று கூவினான்.

பாட்டு முடிந்தது. பரந்தாமன் மைக்கை இரு கையாலும் பற்றி, தெருக்கோடி ஆலமரத்துக் காகங்களும் எழுந்து பறக்க, ஆணையிட்டான்:

"பேஸு கித்தாரு, நம்ம தெரு மருமவப்புள்ள வேம்புலி! புச்சா மிஷினு எறக்கிகீறாரு, கேட்டீங்களா சவுண்ட? அந்த மிஷினுக்கே ஒரு கைதட்டு குடுங்க!"

தெரு கைதட்டியது. மச்சினன் எழுந்து நின்று விசிலடித்தான். ஜன்னலொன்றில் தாய்வீட்டு உறவு சூழ நின்ற பானுப்பிரியா, மிஷின் என்றதும் வாஷிங் மெஷினை எண்ணினாளோ என்னவோ, முகம் சற்றே சுருங்கி, பின் கைதட்டல் யாருக்கென்று உணர்ந்து மலர்ந்தாள். டாம்பரினைச் சாக்கின் அடியாழத்துக்கு அசோக் தன் காலாலேயே தள்ளினான். "மச்சான், அது எங்க வாங்குன? எனக்கும் ஒண்ணு சொல்லு," என்றும் வேண்டினான். டிரம்ஸுக்கு அது எதற்கென்று அவனும் சொல்லவில்லை, வேம்புலியும் கேட்கவில்லை. வென்றவன் விளக்கம் கேட்பதில்லை.

ஆயினும் வென்றவனுக்கே அச்சம் அதிகம். கண்மூடித் திருகிக் கிடைத்த இவ்வரிய நிலை கைதவறிப் போனால்? அடுத்த வாரம் திருவேற்காட்டில் நிச்சயதார்த்தம்! வேம்புலி முழங்கைப் பொட்டைப் பிய்த்துப் பார்த்தான், பசை செத்திருந்தது. அவன் தவிப்பைக் கண்ட கீபோர்டு ஹேமாவதி, எந்த இடக்கையால் அவன் அரியணை பறிபோக இருந்ததோ அந்த இடக்கையாலேயே தன் கைப்பையைத் துழாவி, புத்தம்புதுப் பொட்டு அட்டை ஒன்றை நீட்டினாள்.

"இந்தாண்ணா, நல்லா அழுத்தி ஒட்டிக்க. இனிமே எவன் சொன்னாலும் அதத் திருகாத. ஒரு கையால பாட்டு, ஒரு கையால பேஸுன்னா நான் இன்னா ஆவறது? என் எடது கை உன்னக் கும்புடுது."

பகையும் நட்பாயிற்று, பாரும் தன்வயமாயிற்று. நாற்கம்பி வேந்தன், புகழின் பாரத்தால் சற்றே கூனி, புதுப்பொட்டு அட்டையை வலக்கையில் ஏந்தி, தன்னை வாழ்வித்த பேழையின் திருமுன் மண்டியிட்டான். புகை மெல்ல விலகியது. முதற் பொட்டை விரல்நுனியில் எடுத்து, கண்ணில் ஒற்றி, குமிழின் முனைக்கு நேரே கொண்டுசென்றவன், பேழையின் நெற்றியை நோக்கினான்.

பெடல் ஆஃபில் இருந்தது.